டிக் விழாத வரி

அண்ணியும் ஊசியும் பேச்சை நிறுத்தி இன்றோடு இருபத்திரண்டு நாள். வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை: வாடிக்கையாளர் ஒருவர் எதிரிலேயே அண்ணி, "தையல்தானே, அதைக் கடைசியில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். கார் சீட் தைப்பதையே தொழிலாகக் கொண்ட நாத்தனார் காதில் அது விழுந்துவிட்டது. அவ்வளவுதான். அன்றைக்குச் சாத்திய வாய்.

அந்த நாத்தனாருக்கு ஊசி என்று பெயர் வந்தது கையாலா நாக்காலா என்பது பட்டறையில் இன்னும் தீராத வழக்கு. அண்ணிக்கு அந்தத் தொல்லை இல்லை. தகடு வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் காருக்கு உடம்பு செய்கிறவள் அவள். ஊசி அவளை அண்ணி என்று கூப்பிட, வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர் எஞ்சின்காரர். அண்ணிக்குக் கணவர், ஊசிக்கு அண்ணன். இருபத்திரண்டு நாளாக இங்கே சொன்னதை அங்கேயும் அங்கே சொன்னதை இங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அவருக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. தபால்.

இன்று காலை ஒன்பதரை மணிக்கு அந்தத் தபாலுக்கு வாயெல்லாம் பல். ஏன் இருக்காது? பட்டறை நடுவில் நின்ற வண்டி அப்படி.

நாற்பது வருடமாக ஒரு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த கார் அது. நீச்சல் சொல்லிக்கொடுக்கிற கோச் மேடத்தின் அப்பா ஓட்டியது. அதன் கூரையை அறுத்து, மூன்று இன்ச் எடுத்துவிட்டு, திரும்ப உட்கார வைத்தாள் அண்ணி. உடம்பை சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின்மேல் இன்னும் கீழே இறக்கினாள். இப்போது அது பாயப்போகிற பூனைபோலத் தரையோடு பதுங்கி நின்றது. கறுப்பு பெயின்ட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம். பழைய காரை இப்படி அறுத்துத் தாழ்த்தி, பெரிய எஞ்சின் வைத்து, தெருவே திரும்பிப் பார்க்க வைக்கிற வண்டிக்குத்தான் ஹாட் ராட் என்று பெயர்.

பதினோரு வருடமாக ஊரார் இடித்துக்கொண்டு வந்ததை நிமிர்த்திக்கொண்டிருந்தவள் அண்ணி. முதலிலிருந்து கடைசிவரை அவள் கையால் உருவான முதல் வண்டி இதுதான். வருடத்துக்கு ஒரு தடவை நடக்கிற கார் கண்காட்சியில் இதற்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. மைதானத்தின் வாசலை இன்று மாலை ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள். நாலு மணிக்கு கோச் வந்து தானே ஓட்டிப்போவதாக ஏற்பாடு. ஆறு மணி தாண்டினால் அடுத்த வருடம்தான்.

"சீட்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள் அண்ணி, கணவரிடம்.

"சீட்டை எடுத்துட்டு வருவியாம்" என்றார் தபால், நாலடி தள்ளி நின்ற தங்கையிடம்.

"வந்துட்டு இருக்குன்னு சொல்லு அண்ணே" என்றாள் ஊசி.

சும்மா சொல்லக்கூடாது, சீட் என்றால் அதுதான் சீட். மாதுளை முத்து நிறத்தில் தோல். விரல் தடிமனுக்கு வரிவரியாக மேடும் பள்ளமும். ஒரு வரிகூட இம்மி பிசகவில்லை. ஓட்டுநருக்கு ஒன்று, பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஒன்று. இரண்டும் போல்ட் துளையில் டக் டக்கென்று போய் உட்கார்ந்தன. ஒரு நிமிடம் சண்டை மறந்து அண்ணிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நான் உக்காந்து பாக்கறேன்" என்று தபால் சின்னப்பிள்ளை மாதிரி ஓடிப்போய் ஏறினார்.

டொப்.

கூரை அவர் உச்சந்தலையில் இடித்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தார். காது தோளில் பட்டது. கழுத்தைக் கோணிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. தபால் நடுத்தர உயரம். கோச் ஆறடி.

அண்ணி குனிந்து உள்ளே பார்த்தாள்.

"அண்ணே, அவங்களைக் கேளு" என்றாள் ஊசி. "கூரையை மூணு இன்ச் இறக்கினாங்க, தெரியும். தெருவுல போறவங்களுக்கே தெரியும். அதுக்குத்தான் சீட்டையும் மூணு இன்ச் குறைச்சேன். மீதி எங்க போச்சு?"

"அவ கேக்கறா, மீதி எங்க..."

"காது கேக்குது!" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தபால் அடங்கிவிட்டார்.

அண்ணி நேராக ஊசியைப் பார்த்தாள். இருபத்திரண்டு நாளில் முதல்முறை. "வண்டியோட தரை. உடம்பைக் கீழே இறக்கினப்போ தரை சேஸிஸ்ல இடிச்சுது. நாலு இன்ச் தூக்கினேன்."

"எப்ப?"

"மூணு வாரம் இருக்கும். கதவுல எழுதிப் போட்டேனே."

மூன்று பேரும் கதவுக்கு ஓடினார்கள்.

இந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகடு அடிக்கிற கூடத்துக்கும் தையல் அறைக்கும் நடுவில் இருப்பது. எந்த அளவு மாறினாலும் அண்ணி அதில் சாக்பீஸால் எழுதுவாள். ஊசி படித்ததும் பக்கத்தில் ஒரு டிக் போடுவாள். ஊசி எழுதினால் அண்ணி போடுவாள். பதினோரு வருடமாக அதுதான் பட்டறையின் சட்டம். கதவு நிறைய வரிகள், வரிக்கு வரி டிக்.

கடைசி வரி: 'தரை 4 இன்ச் தூக்கியாச்சு.' பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"நான் இந்தக் கதவு வழியா வர்றதே இல்லையே" என்றாள் ஊசி மெதுவாக. "அன்னையிலேர்ந்து சந்துப் பக்கம் பின் கதவுதான்."

நான் எழுதிவிட்டேன், பார்க்காதது உன் குற்றம் என்று அண்ணி ஒரே வார்த்தையில் கையைக் கழுவியிருக்கலாம். தபால்கூட அதைத்தான் எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"டிக் இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி. "தினம் பாத்தேன். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திமிரு. அவளா வந்து பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஊசி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி ஐந்து நிமிடம்.

"சீட்டுல ஸ்பிரிங்கை எடுத்துட்டு கெட்டி ஸ்பாஞ்ச் வெச்சா ரெண்டு இன்ச் இறங்கும்" என்றாள். "அதுக்கு மேல என்னால முடியாது. உக்கார்ற இடம் பலகையாயிடும். மீதிக்கு நீங்கதான் வழி பண்ணணும்."

"தரையை அறுக்கறேன். சீட்டுக்கு அடியில, சேஸிஸ் படாத இடத்துல மட்டும் ஒரு தொட்டி மாதிரி இறக்கி, சீட்டை அதுக்குள்ள உக்கார வெச்சுடலாம். ரெண்டரை இன்ச் கிடைக்கும். மூலைக்கு மூலை பத்தவெச்சா..."

"நெருப்பா?" ஊசி குறுக்கே வந்து நின்றாள். "உள்ள துணி ஏறியாச்சு. கூரைக்கு அடியில துணி, கதவுல தோல், தரையில கம்பளம், அதை ஒட்டின பசை இன்னும் வாசனை போகலை. ஒரு பொறி பட்டா வண்டியே போச்சு. துணி ஏறினா நெருப்பு கிடையாது. யார் போட்ட சட்டம் அது?"

"நான்தான்" என்றாள் அண்ணி.

பற்றவைக்கக் கூடாது, பொறி பறக்க இரும்பை அறுக்கிற கிரைண்டரும் கூடாது என்றால் அண்ணிக்குப் பாதிக் கை போனமாதிரி. தகட்டை மணல் மூட்டைமேல் வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்துக் குழி எடுக்கலாம். அதற்கு அரை நாள் பிடிக்கும். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். ஊசி வண்டிக்குள் மண்டியிட்டு, சீட் இருந்த இடத்தை டேப் வைத்து இப்படியும் அப்படியும் அளந்தாள்.

"அண்ணி, இது ஒரு பாக்கெட்தானே?"

"என்னது?"

"கோட்டு பாக்கெட். நாலு பக்கம் எழும்பி நிக்கிற மாதிரி தைப்போமே. அதுக்கு யாராவது துணியை அடிச்சுக் குழி பண்ணுவாங்களா? ஒரே துண்டுல வெட்டி மடிப்போம்." அட்டை ஒன்றைக் கிழித்தாள். கத்தரி நாலு வெட்டு வெட்டியது. மடித்தாள், மூலையில் காது போல நீட்டியிருந்ததை உள்ளே திருப்பினாள். கையில் ஓர் அட்டைத் தொட்டி நின்றது. "மூலையில இந்தக் காதை மடிச்சு ரிவெட் ஆணி அடிச்சுடுங்க. எதுக்கு நெருப்பு?"

அண்ணி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் ஒரு தகட்டையும் இந்தக் கண்ணால் பார்த்ததில்லை.

"அடிப்பாவி" என்றாள். "இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"கேட்டாத்தானே சொல்லுவாங்க!"

அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் நடந்ததைப் பார்க்க டிக்கெட் போட்டிருக்கலாம். அட்டையைத் தகட்டின்மேல் வைத்து அண்ணி கோடு கிழித்தாள். மடிக்கிற மிஷினில் தகடு நாலு பக்கமும் சொன்னபடி கேட்டு எழும்பியது. தபால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, தொட்டியைத் தாங்க இரண்டு இரும்பு ஆங்கிளை சேஸிஸோடு சேர்த்து போல்ட் போட்டார். தரையில் சீட் நிற்கிற இடத்தின் நாலு மூலையிலும் கை ட்ரில்லால் துளை போட்டு, தகடு வெட்டுகிற கத்தரியால் அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். ஒரு பொறி பறக்கவில்லை. கை மட்டும் கொப்பளித்தது. ரிவெட் அடித்து, இணைப்புக்கு இணைப்பு பசை பூசி நிமிர்ந்தபோது மணி ஒன்றரை.

"தண்ணி குடிங்க" என்று தபால் சொம்பை நீட்டினார்.

"நிக்கறப்போவே ஊத்துங்க" என்று அண்ணாந்தாள் அண்ணி. பாதி தண்ணீர் கழுத்தில் போனது. அப்படியே தையல் அறைக்கு ஓடினாள். நடுக்கதவு வழியாகத்தான்.

உள்ளே ஊசி சீட்டின் மேல்தோலைப் பிரித்து வைத்திருந்தாள். ஸ்பிரிங் போய், இழுத்துக் கட்டிய பட்டைமேல் கெட்டி ஸ்பாஞ்ச் உட்கார்ந்திருந்தது. சுற்றி வருகிற பக்கத் தோலை இரண்டு இன்ச் குறைத்தாகிவிட்டது. ஆனால் அவள் முகம் சரியில்லை.

"மேல்தோலைத் திரும்பச் சேக்கணும். மிஷின்ல ஓட்ட முடியாது அண்ணி. தோல்ல ஒரு தடவை ஓட்டை விழுந்தா விழுந்ததுதான், துணி மாதிரி மூடிக்காது. பழைய ஓட்டையிலேயே ஊசி போகணும். பக்கத்துல புதுசா ஒண்ணு விழுந்தாலும் ஆயுசுக்கும் பல்லைக் காட்டும். எல்லாம் கையால."

"எத்தனை ஓட்டை?"

"முன்னூத்திப் பன்னெண்டு."

"இன்னொரு ஊசி குடு" என்றாள் அண்ணி.

ஊசி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இழுப்பறையில இருக்கு. மெழுகு நூலும் அங்கதான்."

அண்ணி இழுப்பறையைத் திறந்தாள். நூல்கண்டு, ஊசிப்பெட்டி, அதன் கீழே பிரித்த ஒரு கடிதம். படிக்கக் கூடாது என்று நினைப்பதற்குள் கண் படித்துவிட்டது. நகரத்தின் மறுகோடியில் இருக்கிற சோபா கம்பெனியின் கடிதம். 'வரும் இருபதாம் தேதி திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தாங்கள் பணியில் சேரவும்.' தேதியைப் பார்த்தாள். எழுதிப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை என்றால் நாளை மறுநாள்.

நூலை எடுத்துக்கொண்டு இழுப்பறையைச் சத்தமில்லாமல் சாத்தினாள். கேட்டுவிடலாமா என்று நினைத்தாள். கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் சீட் வராது. அவளுக்கு ஆத்திரம் வந்தது, உடனே அழுகையும் வந்தது. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இடது கோடியிலிருந்து ஒருத்தி, வலது கோடியிலிருந்து ஒருத்தி. தோலைக் கிள்ளிப் பிடித்து, ஓட்டையைக் கண்ணால் தேடி, விரலால் தடவி, ஊசியை நேராக நிறுத்தி, அழுத்தி, இழுத்து, முறுக்கி. அண்ணிக்கு முதல் பத்து ஓட்டைக்குள் விரலில் மூன்று இடத்தில் ரத்தம். இருபதாவதில் முதுகு பிடித்துக்கொண்டது. இரும்பை வளைத்த கைக்கு இது வளைய மாட்டேன் என்கிறது. நிமிர்ந்து பார்த்தாள். ஊசியின் பக்கம் நூல் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு கஷ்டமாடி இது?"

ஊசி தலை நிமிரவில்லை. "தையல்தானே அண்ணி."

வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று அண்ணி அடுத்த ஓட்டையைத் தேடினாள். ஒரு கணம் கழித்து ஊசியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். அண்ணிக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் கையில் பிடித்த ஊசியோடு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். என்னவோ ஏதோ என்று கதவில் எட்டிப் பார்த்த தபால், பார்த்தது பார்த்தபடி திரும்பிப் போய், எஞ்சினோடு பேசிக்கொண்டு நின்றார். பாவம், இனி அவருக்கு வேலை இல்லை.

இரண்டு நூலும் முன் விளிம்பில் சந்தித்தபோது மணி நாலேகால். ஊசியின் கணக்கு இருநூற்று முப்பத்தெட்டு. அண்ணியின் கணக்கு எழுபத்து நாலு. கடைசி முடிச்சை ஊசிதான் போட்டாள்.

வெளியே கோச் வந்து கால்மணி நேரமாகியிருந்தது. விசில் மாதிரிக் குரல் அவருக்கு. "அண்ணி! உள்ளே வரலாமா கூடாதா? எனக்கு இருப்புக் கொள்ளலை!"

"வாங்க மேடம், வாங்க!"

சீட் தொட்டிக்குள் இறங்கியது. போல்ட் முறுக்கினார்கள். கோச் கதவைத் திறந்து, குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, மெதுவாக உட்கார்ந்தார். ஊசி தன்னையறியாமல் அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கோச் நிமிர்ந்தார். முதுகு நேராக, கழுத்து நேராக. அண்ணி கையை நீட்டி அவர் தலைக்கும் கூரைக்கும் நடுவில் விரலை நுழைத்தாள். ஒரு விரல் போனது. இரண்டாவது விரலும் போனது.

"ரெண்டு விரல்!" என்று கத்தினாள். "ரெண்டு விரல் போகுதுடி!"

ஊசி குதித்தாள். தபால் அதைவிடப் பலமாகக் கை தட்டினார். கோச்சுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, "எங்கப்பா இதுல என்னை விடியக்காலையில நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போவார். அப்ப நான் பக்கத்து சீட்டு" என்றார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் எழுந்த வேகத்தில் அலமாரியில் இருந்த ஸ்பானர்கள் கிடுகிடுத்தன.

"நீங்க ரெண்டு பேரும் முன்னாடி கிளம்புங்க. நானும் அண்ணனும் பூட்டிட்டு வேன்ல வரோம்" என்றாள் ஊசி.

"ஒரு நிமிஷம், கை கழுவிட்டு வரேன்" என்றாள் அண்ணி.

கை கழுவவில்லை. சந்துப் பக்கம் சுற்றி ஓடினாள். ஊசி இருபத்திரண்டு நாளாக வந்து போகிற பின் கதவு. ஜேபியிலிருந்த சாக்பீஸ் துண்டை எடுத்து, வெளிப்பக்கம், பூட்டு மாட்டுகிற இடத்துக்கு நேர் மேலே எழுதினாள்.

'டிரைவர் சீட் தரை 2½ இன்ச் இறக்கியாச்சு.'

அதன் கீழே இன்னொரு வரி.

'திங்கட்கிழமை போகாதே.'

திரும்பி வந்து வண்டியில் ஏறினாள். பக்கத்து சீட்டை யாரும் இறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணியின் கண்ணும் கோச்சின் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன. "வளந்துட்டீங்க போலிருக்கே!" என்று கோச் சிரித்தார்.

தெருவுக்கு வந்ததும் பார்க்க வேண்டுமே! மாடி மாடியாக ஜன்னல் திறந்தது. சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தது. மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் பச்சை விழுந்தும் நகராமல் வாயைப் பிளந்து நின்று பின்னால் வந்தவர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். கோச் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ராணி மாதிரி திருப்பினார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அண்ணியின் காது மட்டும் கீழே இருந்தது. ரிவெட் முனகுகிறதா, தொட்டி அசைகிறதா? இல்லை. ஒரு சத்தம் இல்லை.

மைதானத்து வாசலில் நீண்ட வரிசை. ஐந்து ஐம்பத்திரண்டு. ஐந்து ஐம்பத்தாறு. வாசல்காரர் இரும்புக் கேட்டில் கை வைத்துவிட்டார்.

"சார், சார், நாங்க இருக்கோம்!" என்று அண்ணி ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள்.

அவர் திரும்பினார். வண்டியை முன்னிருந்து பின்வரை ஒரு பார்வை பார்த்தார். கேட்டை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வா வா என்றார்.

உள்ளே போய்விட்டார்கள். உள்ளே! அண்ணி இறங்கினாள், கால் தரையில் நிற்கவில்லை. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் குனிந்து கூரை மடிப்பைத் தடவினார், ஒருவர் சீட்டைப் பார்த்து ஐயோ என்றார். விவரம் எழுதுகிறவர் அட்டையோடு வந்தார். "செஞ்சது யாருன்னு போடணும்."

"தையல்னு முதல்ல எழுதுங்க" என்றாள் அண்ணி. "அதுக்கு நேர என் நாத்தனார் பேரு. என்னது அதுக்கு அடியில."

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஊசி வந்தாள். வேனிலிருந்து ஓடிவந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. அட்டையைப் பார்த்தாள். முதல் வரியைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டத் தொடங்கியதும் அவளும் சேர்ந்து பலமாகத் தட்டினாள்.

தட்டிய கையிலிருந்து வெள்ளையாகத் தூள் பறந்தது.

அண்ணியின் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. சாக்பீஸ் தூள். பின் கதவைப் பார்த்துவிட்டாள். சரி என்று டிக் போட்டால் விரல் நுனியில் ஒட்டும். முடியாது என்று உள்ளங்கையால் அழித்தால் உள்ளங்கையில் ஒட்டும். எதில் ஒட்டியிருந்தது என்று பார்க்க அண்ணி கூட்டத்துக்குள் முட்டிமோதி எட்டி வந்தாள். அதற்குள் ஊசி தட்டித் தட்டிக் கை இரண்டும் சிவந்துபோய், ஒரு பொட்டு வெள்ளைகூட மிச்சமில்லை.

"என்ன அண்ணி, அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் ஊசி.